டிரா ஆனா கப்பு யாருக்கு

எட்டிப் பாத்தேன்னு தப்பா நினைச்சுக்கிடாதீங்க தம்பி. பக்கத்து சீட்டுல ஒரு ஆளு போன்ல செஸ் ஆடும்போது கண்ணை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியாது. இப்ப அந்த எதிராளி டிரா கேட்டான். நீங்க யோசிக்கக்கூட இல்ல, சரின்னு அமுக்கிட்டீங்க. யாரு, எந்த ஊருன்னு தெரியாத ஒருத்தனுக்கு அரை பாயின்ட்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்க.

உங்களுக்கும் அரை கிடைச்சுதுன்னு சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. அந்த நினைப்புதான் என்னை இந்தப் பஸ்ஸுல கொண்டாந்து உக்கார வச்சிருக்கு. போனை உள்ள வச்சிட்டீங்களா, நல்லது. நாகர்கோவில் வர இன்னும் நேரம் கிடக்கு. எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லுதேன். ஆடத் தெரிஞ்ச ஆளு, உங்களுக்குப் புரியும். என் வீட்டுக்காரிக்குப் புரியல.

என் பேரு ஆவுடையப்பன். கூட்டுறவுத் தணிக்கையில இருந்து ரிட்டையர் ஆனவன். பாளையங்கோட்டையில எங்களுக்கு ஒரு சதுரங்க மன்றம் இருக்கு. பெரிசா ஒண்ணும் இல்ல, பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடி, பத்துப் பதினஞ்சு பேரு, நாலு மேசை, ஒரு ஃபேன். ஆனா ஒரு கப்பு உண்டு. அரிசி மில்லுக்காரர் ஒருத்தர் அவங்க அப்பா ஞாபகமாக் குடுத்தது. இம்புட்டு உயரம். ரெண்டு பக்கமும் காது.

அந்தக் கப்பு ஞானதிரவியம்னு ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்தவரு. உத்தியோகத்துலேயே இருக்கு பாத்தீங்களா, டிரா. ஆனா ஊர்க்காரங்க பட்டத்தை எனக்குத்தான் வச்சாங்க. டிரா ஆவுடையப்பன். ஒரு ஆட்டம் டிரா ஆகணும்னா ரெண்டு பேரு வேணும்ல? பட்டம் மட்டும் எப்படி ஒரு ஆளுக்கு வருது? இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.

விதி என்னன்னா, வருசத்துக்கு ஒரு தடவை சாம்பியனை எதிர்த்து ஒருத்தர் ஆறு ஆட்டம் ஆடணும். ஜெயிச்சா ஒண்ணு, டிரா ஆனா ஆளுக்கு அரை. மூணுக்கு மூணுன்னு சமமா முடிஞ்சா கப்பு சாம்பியன்கிட்டயே இருக்கும். எதிர்த்து ஆட எப்பவும் நான்தான் பேர் குடுப்பேன். மத்தவங்க குடுக்க மாட்டாங்க. என்கூட தகுதி ஆட்டம் ஆடணும்ல, அந்தப் பயம். ஒருத்தன் சொன்னான், உம்ம கூட ஆடினா சாப்பாட்டு நேரம் தப்பிப் போகுதுன்னு. பயத்தை அப்படிச் சொல்லுதான்.

ஒவ்வொரு வருசமும் மூணுக்கு மூணு. ஆறு ஆட்டமும் டிரா. அவரு என்னை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல தம்பி, அதைக் குறிச்சு வச்சுக்கிடுங்க. என்னது? நான் அவரையா? அதைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன், எல்லாம் டிரான்னு.

வீட்டுக்குப் போனா செண்பகம் கேப்பா, "தோத்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப ஜெயிச்சிட்டீங்க."

"இல்ல."

"பெறகு கப்பு எங்க?"

"மாஸ்டர் வீட்டுல."

"அதுக்குப் பேரு தோக்கிறதுதான?" அப்படீன்னுட்டு அவ பாட்டுக்குத் தோசைக்கு ஊத்தப் போயிருவா. விதி தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேச?

ஆனா அவ சொன்னதுல ஒரு பாயின்ட் இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. சமம்னா சமம். சமமா ஆடின ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டு டிவி மேல மட்டும் கப்பு இருந்தா அது எப்படிச் சமம்? பொதுக்குழுவுல எந்திரிச்சுக் கேட்டேன். சாம்பியன்னா அவரு சாம்பியன்னு வருசா வருசம் நிரூபிக்கணும்ல. நிரூபிக்கலேன்னா எதிர்த்து ஆடினவனுக்குக் கப்பு போகணும். இதுதான் நியாயம்.

ஞானதிரவியம் சிரிச்சாரு. அவருக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. "வே ஆவுடை, எதுக்கு விதியெல்லாம்? ஆளுக்கு ஆறு மாசம் வச்சுக்கிடுவோம். தைக்கு என் வீடு, ஆடிக்கு உம்ம வீடு."

"அரைக் கப்பா?"ன்னு கேட்டேன். "பிச்சையா போடுதீரு?"

எங்க மன்றத்துக்குச் செயலாளர் வக்கீல் மகபூப் ஜான். ஆட்டத்துக்கு நடுவரும் அவருதான். "ஓட்டுக்கு விடுவோம்"னாரு. அதுக்கு முந்தின ஒரு மாசம் நான் எல்லாரையும் வீடு வீடாப் போய்ப் பாத்துட்டேன். ஒருத்தன் சொன்னான், அண்ணாச்சி இந்தப் பேச்சு இதோட முடியும்னா நான் ரெண்டு கையையும் தூக்குதேன்னு. அப்படி ஆதரவு இருந்துச்சு. ஓட்டுக்கு விட்டதும் மொதக் கை யாரு தூக்கினா தெரியுமா? ஞானதிரவியம். அவருக்கு எதிராப் போடுற விதிக்கு அவரே கையைத் தூக்குதாரு. எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம், இதுல என்னமோ சூழ்ச்சி இருக்குன்னு.

இந்தா, வள்ளியூர் வந்துட்டு. டீ குடிக்கீங்களா? வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம். எறங்கினா கதை விட்டுப்போகும்.

அந்த வருசம் ஆடினோம். ஆறும் டிரா. புது விதிப்படி கப்பு எனக்கு. நான் ஒண்ணும் சும்மா வாங்கல தம்பி. ஒவ்வொரு ஆட்டத்துலயும் குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை, ராணிக்கு ராணி, எதிர்ல வந்ததையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு, ரெண்டு ராஜாவையும் காத்தாட நடக்க விட்டேன். அது ஒரு கலை. சமாதானபுரம் முக்குல ஒரு ஃப்ளெக்ஸ் வச்சேன். 'ஆறு ஆட்டத்திலும் தோல்வியே காணாத சாம்பியன்'. ஞானதிரவியம் அது முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அந்த ஆறு ஆட்டத்துல அவருந்தான் தோக்கல, அது ஃப்ளெக்ஸ்ல எதுக்கு?

கப்பு வீட்டுக்கு வந்த பெறகுதான் ஒண்ணு உறைச்சுது. அடுத்த வருசம் நான்தான் சாம்பியன். சமமா முடிஞ்சா கப்பு அவருகிட்டப் போயிரும். நான் போட்ட விதி. ஆனா நான் போட்டது ஞானதிரவியம் சாம்பியனா இருக்கும்போது, அந்த நிலைமைக்கு. நிலைமை மாறினா விதியும் மாறணும்ல? சட்டமே அப்படித்தான திருத்துதாங்க?

பொதுக்குழுவுல சொன்னேன், ஒரு வருச அனுபவத்துல பாத்தா பழைய விதியே மேல்னு. அன்னைக்கு அந்த மாடியில சிரிச்ச சிரிப்பு இருக்கே, கீழ மெடிக்கல் ஷாப்புல இருந்து ஆளு மேல வந்து என்னான்னு கேட்டுட்டுப் போனான்.

சரின்னு வேற வழி யோசிச்சேன். ரேட்டிங். உலகத்துல எல்லாருக்கும் ரேட்டிங் இருக்கு, நம்ம மன்றத்துல மட்டும் ஏன் இல்ல? நானே கணக்குப் போட்டுச் சுவத்துல ஒரு பலகை மாட்டினேன். சாம்பியங்கிறதால என் பேரை மேல போட்டேன், மத்தவங்களை அவங்கவங்க தரத்துக்குக் கீழ. பெரிய ஆளு சின்ன ஆளோட டிரா பண்ணினா பெரிய ஆளுக்குக் குறையும், சின்ன ஆளுக்குக் கூடும். உலக வழக்கம் அதுதான், நான் கண்டுபிடிச்சது இல்ல.

என்ன ஆச்சு? நான் எல்லாரோடயும் டிரா பண்ணினேன். தபாலாபீஸ்காரரோட டிரா, எனக்குக் கழிஞ்சுது. பல் டாக்டரோட டிரா, கழிஞ்சுது. காய் எப்படி நகத்துறதுன்னு போன மாசம் படிச்சுக்கிட்டு வந்த ஒருத்தனோட டிரா, அதுல ரொம்பக் கழிஞ்சுது. ஒரு ஆட்டம்கூடத் தோக்காம தம்பி, ஒரு ஆட்டம்கூடத் தோக்காம, தீபாவளிக்குள்ள அஞ்சாவது எடத்துக்கு எறங்கிட்டேன். என் பலகையில.

அதனால ஒரு திருத்தம் கொண்டாந்தேன். சாம்பியன் டிரா பண்ணினா அரை இல்ல, முக்கால். எதிராளிக்கு அரையே இருக்கட்டும், நான் யாரு வயித்துலயும் அடிக்கல.

மகபூப் ஜான் கண்ணாடியைக் கழத்திட்டுக் கேட்டாரு. "ஆவுடையப்பன், ஒரு ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட். முக்காலும் அரையும் ஒண்ணே கால் ஆவுது. அந்தக் கால் எங்கருந்து வருது?"

"கௌரவத்துல இருந்து"ன்னேன்.

"நீருதானவே தணிக்கை பாத்தீரு இத்தனை வருசம்?"

பதில் சொல்லத் தெரியாம இல்ல. பெரிய மனுசன், வக்கீல், சபையில வச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஆக, போன சித்திரையில அதே விதியோட ஆட வேண்டியதாப் போச்சு. அந்த வருசம் ஞானதிரவியத்துக்கு உடம்பு அவ்வளவு சரியில்ல. மாடிப்படியில நடுவுல ஒரு தடவை நின்னுட்டுத்தான் வருவாரு. நான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன், அந்த நேரத்தை அவரு ஆட்டக் கடிகாரத்துல சேக்கணுமா வேண்டாமான்னு. சேக்கலாம்னு விதியில இல்ல. அதனால விட்டுட்டேன். நான் அப்படி ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல.

அஞ்சு ஆட்டம் டிரா. ஆறாவது நான் ஜெயிச்சே ஆகணும். ஜெயிக்கணும்னு உக்காந்து பாத்தேன் தம்பி. எல்லாம் கை பழக்கம்தான. ஒரு காயை முன்னால தள்ளணும்னு நினைப்பேன், கை அதைப் பின்னால இழுத்துப் பத்திரமா வச்சிரும். கடைசியில பலகையில என்ன மிஞ்சிச்சு தெரியுமா? அவருக்கு ஒரு ராஜா, ஓரத்துல ஒரு சிப்பாய். எனக்கு ராஜா மட்டும். அந்தச் சிப்பாய் போக வேண்டிய மூலையில என் ராஜா போய் உக்காந்துட்டாரு. அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

"டிராவே"ன்னு கையை நீட்டுதாரு. "எந்திரும், கீழ போய்ச் சுக்குக் காப்பி குடிப்போம். கப்பு உம்ம வீட்டுலயே இருக்கட்டும். எனக்கு அதைத் தொடைக்கச் சீவன் இல்ல."

பாத்தீங்களா? இதான் அவரு பேச்சு. கப்பை வச்சுக்கிடும்னு சொல்லுவாரு, ஆனா சாம்பியன் யாரு? அவரு. எனக்கு வேண்டியது கப்பு இல்ல தம்பி. நியாயம்.

"முடியாது, ஆடும்"னேன். அவரு கடிகாரத்துல நேரம் கொஞ்சந்தான் கிடந்துச்சு. எனக்கு நிறைய.

"உம்மகிட்ட ராஜா மட்டுந்தானவே இருக்கு. எதை வச்சு ஜெயிப்பீரு?"

"நேரத்தை வச்சு."

அப்பவும் சிரிச்சாரு. சரின்னு பலகையைப் பாத்தாரு. அவரு முறை. ராஜாவை எடுக்கக் கையைக் கொண்டு போனவரு அப்படியே நிறுத்தி, நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. மூஞ்சியெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவரு மக எஸ்தர் நாகர்கோவில்ல இருந்து வந்திருந்தா, அப்பாவைக் கூட்டிட்டுப் போக மாடிக்கு வந்து பின்னால நின்னுக்கிட்டு இருந்தா. "அப்பா, அப்பா"ங்கா. பல் டாக்டர் ஓடி வந்து நாடியைப் பாத்தாரு. வக்கீல் காரு சாவியை எடுத்துட்டாரு. நாற்காலியோட தூக்குதாங்க. எஸ்தர் என்னைப் பாத்து, "மாமா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க"ன்னா.

எப்படிப் பிடிக்க? நான் மேசையை விட்டு எந்திரிச்சா ஆட்டத்தை விட்டுட்டுப் போயிட்டேன்னு ஆயிரும். யாரோ படியில இருந்து கத்தினாங்க, கடிகாரத்தை நிறுத்துங்கன்னு. நிறுத்த நடுவருக்குத்தான் அதிகாரம். நடுவர் கார்ல போயிட்டாரு. நான் தொட்டா அது குத்தம். அதனால தொடல. எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தேன். அவரு பக்கத்து முள்ளு சுத்தி வந்து, நேரம் தீந்து, கடிகாரத்துக் கொடி விழுந்துச்சு. அப்பவும் கொஞ்ச நேரம் உக்காந்துதான் இருந்தேன். சாட்சிக்கு ஒரு ஆளு இல்ல. கீழ மெடிக்கல் ஷாப்புக்காரனைக் கூட்டியாந்து காட்டினேன். "இதுல நான் என்ன அண்ணாச்சி பாக்கணும்?"னு கேட்டான். "கொடி விழுந்திருக்குல்ல, அதைப் பாரு"ன்னேன். பாத்துட்டு, "மாஸ்டர் எப்படி இருக்காரு?"ங்கான். எனக்கு எப்படித் தெரியும், நான் இங்கல்லா இருக்கேன்.

அன்னைக்கு சாயங்காலமே வக்கீலுக்குப் போன் போட்டேன். நேரம் முடிஞ்சிட்டு, நான் ஜெயிச்சிட்டேன், அறிவிச்சிருங்கன்னு. அவரு ஆஸ்பத்திரியில இருந்தாரு, சத்தம் கேட்டுச்சு. அங்கருந்தே சொன்னாரு. "எதிராளிக்கு நேரம் முடிஞ்சாலும், நம்மகிட்ட மேட் வைக்கக் காய் இருக்கணும். தனி ராஜா யாரையும் மேட் வைக்க முடியாது. அது டிரா."

"நம்ம மன்ற விதியில அப்படி இல்லியே."

"நம்ம விதியில இல்லாததுக்கு உலக விதி. நீரே எழுதின வரி அது. ஆறும் டிரா. மாஸ்டர்தான் சாம்பியன். போனை வைக்கேன், டாக்டர் கூப்பிடுதாரு."

ஆஸ்பத்திரிக் கட்டில்ல மூக்குல குழாயோட படுத்துக்கிட்டு ஒரு மனுசன் சாம்பியன் ஆகுதாரு. பலகை முன்னால நேரா உக்காந்திருந்தவன் ஒண்ணும் இல்லாமப் போறான். இதை எங்க போய்ச் சொல்ல?

வீட்டுல செண்பகம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அவரைத் தூக்கிட்டுப் போகும்போது நீங்க எங்க இருந்தீங்க?" சொன்னேன். சமையக்கட்டுக்குப் போயிட்டா. அன்னைக்கு இருந்து இந்த ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவளுக்கு எப்பவுமே இதுல ஈடுபாடு கிடையாது.

அவருக்கு இருதயத்துல இருந்த அடைப்பை எடுத்தாங்க, நல்லாயிட்டாரு. அதுல எனக்குச் சந்தோசம்தான். வார்டுக்கு மாத்தின அன்னைக்கே பாக்கப் போனேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு. பேச்சோட பேச்சா ஆட்டத்தையும் கேட்டேன். எஸ்தர் வெளிய போயிட்டா.

அவரு என் போனை வாங்கி வக்கீலுக்கு அடிச்சாரு. குரல் கம்மியிருந்துச்சு. "ஜான், ஆறாவது ஆட்டம் நான் ரிசைன் பண்ணிட்டேன்னு எழுதிக்கிடும். ஆவுடை ஜெயிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் வக்கீல் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. முடிஞ்ச ஆட்டத்தை எப்படி மாஸ்டர் ரிசைன் பண்ணுவீரு, அது டிரா. அப்ப சாம்பியன் பட்டத்தையே விட்டுக் குடுத்துட்டேன்னு எழுதிக்கிடும்னாரு இவரு. போனை என்கிட்டத் தந்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. "போயிட்டு வாரும்வே. மூச்சு வாங்குது."

இப்ப நான் சாம்பியன். ஆனா எப்படிச் சாம்பியன்? ஜெயிச்சவனா, டிரா பண்ணினவனா, தானம் வாங்கினவனா? வக்கீல்கிட்டக் கேட்டா, உமக்கு எது பிடிக்குதோ அதை வச்சுக்கிடும்ங்காரு. மன்றத்துலயாவது கேக்கலாம்னா யாரும் வாரதில்ல. ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தருக்கு மகளுக்குப் பரீட்சை. ஒருத்தர் மாடி ஒழுகுதுங்காரு. மழையே பெய்யல, ஆனா ஒழுகும், பழைய கட்டடம். நான் சாயங்காலமாப் போய்த் திறந்து, காயை அடுக்கி வச்சிட்டு உக்காந்திருப்பேன். அந்த ஃபேன் சத்தம் அவ்வளவு பெரிசா இருக்கும்னு முன்னால எனக்குத் தெரியாது.

அதான் நேரா அவரையே பாத்துருவோம்னு வாரா வாரம் நாகர்கோவில் போறேன். எஸ்தர் வீட்டுலதான் இப்ப இருக்காரு. ஒரே ஒரு ஆட்டம். டிரா ஆனா என்னங்கிறதையும் முன்கூட்டியே பேசி வச்சிட்டு, முறையா. உக்காந்து ஆடுறதுல என்ன சிரமம் இருக்கு?

எஸ்தர் மரியாதை தெரிஞ்ச பிள்ளை. வராந்தாவுல நாற்காலி போடுவா, காப்பி தருவா. "அப்பா தூங்குறாங்க மாமா"ம்பா. இருக்கட்டும்மா, எந்திரிக்கட்டும்னு சொல்லுவேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுக் கிளம்புவேன். மாத்திரை சாப்புடுறவங்களுக்கு அப்படித்தான் அசத்தும்.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. உள்ள சன்னல் திறந்திருந்துச்சு போல. பலகையில காய் வைக்கிற சத்தம். அது எனக்குத் தூக்கத்துலயும் தெரியும் தம்பி, மரக்காய் சத்தம். எஸ்தர் மக, ரெண்டாங் கிளாஸோ மூணாங் கிளாஸோ படிக்கா, "தாத்தா மேட், தாத்தா நீங்க தோத்துட்டீங்க"ன்னு கை தட்டுதா. அவரு சிரிக்காரு. இருமி இருமிச் சிரிக்காரு. "தோத்துட்டேன் தாயி, நல்லாத் தோத்துட்டேன். இன்னொண்ணு அடுக்கு"ங்காரு.

இத்தனை வருசத்துல என்கிட்ட ஒரு தடவை தோத்ததில்ல அந்த மனுசன். ஒரு தடவை.

நீங்களே சொல்லுங்க, அந்த ஆட்டத்தை ரேட்டிங்குல சேக்கணுமா வேண்டாமா? சேத்தா அவரு எங்கயோ கீழ போயிருவாரு. அப்புறம் என்கூட டிரா பண்ணினா எனக்குல்லா பயங்கரமாக் கழியும்? அதனால சேக்கக் கூடாதுன்னுதான் வந்துக்கிட்டே யோசிச்சேன். வீட்டுக்குள்ள ஆடினது கணக்குல வராது.

தூங்குதாருன்னாங்களே, பெறகு எப்படி ஆடினாருன்னுதான யோசிக்கீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கும் தோணுச்சு. நடுவுல முழிச்சிருப்பாரு. எஸ்தர் கவனிச்சிருக்க மாட்டா, அவளுக்கு அடுப்படியில ஆயிரம் வேலை.

நான் வழக்கமாச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் போவேன். அது அவரு படுக்கிற நேரம் போல. எனக்குத்தான் முதல்லயே உறைக்கல. அதான் இன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா மொதப் பஸ்ஸைப் பிடிச்சேன். இப்ப போனா எப்படியும் முழிச்சிருப்பாரு.